கிண்ணத்தின் அளவு

மார்ச் 9, ஞாயிறு. நேற்றைய தவறு: பிஸ்டனைச் சுற்றிக் கசிவு நிற்பதற்காகப் பழைய சைக்கிள் ட்யூபை வளையமாக வெட்டிப் போட்டேன். ரப்பரில் கந்தகம் உண்டு. கந்தகம் பட்டால் அச்சில் வார்க்கும் இந்த சிலிக்கான் இறுகாது. மாஸ்டர் முதல் வகுப்பிலேயே சொன்னார். நானும் இதே நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். அடிக்கோடு போட்டதோடு சரி. அச்சைத் திறந்தபோது உள்ளே ஜாம் மாதிரி இருந்தது. சிறிய தவறுதான், ஆனால்...

ஆனால் என்று எழுதியவள் அதற்கு மேல் எழுதாமல் பேனாவை மூடினாள், ஆனாலுக்குப் பிறகு வருவதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை, என்ன செய்தாய், என்ன ஆனது, அடுத்து எதை மாற்றப்போகிறாய், இவ்வளவுதான் வேண்டும் என்றார் மாஸ்டர், ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் எது காப்பாற்றியது எது கெடுத்தது என்று கடவுளுக்கே தெரியாது என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார், மாலை வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் அந்தச் சிரிப்போடு சேர்ந்து சிரித்தபோது இவள் மட்டும் அதையும் எழுதிக்கொண்டாள், அதனால்தான் அங்கே இவள் பெயரே டயரி ஆகிவிட்டது, டயரி வந்தாச்சா, டயரி அந்த வாளியை எடும்மா... இப்போது பின்பக்க வராந்தாவில், துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் கருவியைப் பிரித்துப் போட்டிருந்தாள். அப்பாவின் சீலன்ட் துப்பாக்கி, குளியலறை ஓட்டு இடுக்குகளை அடைக்க வாங்கியது, விசையை அழுத்த அழுத்த டக் டக்கென்று கம்பியை முன்னே தள்ளும். அதில் கடையில் வாங்கும் சீலன்ட் குழல் உட்காரும் இடத்தில் ஒரு முழத்துக்கும் குறைவான பி.வி.சி. பைப். பைப்பின் முன்வாயில் மூடி, மூடியில் துளை, துளையில் மை தீர்ந்த பேனாவின் உடல், அதுதான் மூக்கு. பின்வாயில் பிஸ்டன். பிஸ்டன் என்றால் பெரிய வார்த்தை, மாத்திரை டப்பாவின் மூடிகள் இரண்டை முதுகோடு முதுகு ஒட்டியது, அவ்வளவுதான், அந்த மாத்திரை டப்பாக்கள் வீட்டில் நிறையவே சேர்ந்திருந்தன.

மூடிகளைச் சுற்றி இன்று ரப்பர் இல்லை. நேற்று ராத்திரியே மீதமிருந்த சிலிக்கானை ஒரு தட்டில் ஊற்றி இறுக வைத்து, காலையில் அதிலிருந்தே வளையம் வெட்டிக்கொண்டாள், சிலிக்கானுக்கு சிலிக்கானே காவல், ஆனால் அதிலும் ஒரு சங்கடம், இறுகின சிலிக்கானோடு இறுகாத சிலிக்கான் சேர்ந்தால் இரண்டும் ஒட்டி ஒன்றாகிவிடும், பிறகு கத்தி வைத்துத்தான் பிரிக்க வேண்டும், அதனால் வளையத்தின் மேல் வாஸலின், ஓரமெல்லாம், மறுபடியும் ஒரு தரம்... சரிதானே? சரிதான். ஒட்டக்கூடாததெல்லாம் ஒட்டும், இறுக வேண்டியது இறுகாது, இந்தச் சாமானுக்கு என்ன புத்தியோ. உள்ளே, சுவருக்கு அந்தப் பக்கம், அம்மாவின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நீளமாக ஒரு ஓட்டம், நிறுத்தம், குட்டையாக இரண்டு ஓட்டம், நிறுத்தம், கத்தரி. ஞாயிற்றுக்கிழமைகூட விடமாட்டாள். கால் பெடலை அழுத்தும் விதத்தைக் கேட்டே அம்மா எதைத் தைக்கிறாள் என்று சொல்லிவிடலாம், நீள ஓட்டம் என்றால் பேன்ட் பக்கம், குட்டை ஓட்டம் என்றால் காலர் இல்லையென்றால் பை. இன்று குட்டையாகவே ஓடுகிறது, யாருக்கு இவ்வளவு பை?

போன வருஷம் அம்மாவின் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். எடுத்துட்டாங்க, அப்படித்தான் வீட்டில் சொல்வது, எதை என்று யாரும் சொல்வதில்லை, ஏதோ பரண் மேலிருந்து பெட்டியை எடுத்த மாதிரி. ஆபரேஷன் நடந்தபோது இவள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள், மருந்துச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கினாள், அம்மாவுக்கு ஜடை போட்டுவிட்டாள், ஜடை போட முடி இல்லாமல் போனபோது துண்டைக் கட்டிவிட்டாள், பெரியம்மா வந்து மூலையில் உட்கார்ந்து அழுதபோது அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். நீ கல்லுடி, உன்னை மாதிரி ஒரு பொண்ணு இருந்தா போதும் என்று மூக்கைச் சிந்திக்கொண்டே பெரியம்மா சொன்னாள், புகழ்ச்சியா ஏச்சா என்று அன்றைக்கும் விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை. அழுகை வரும் வரும் என்று இவளும் காத்துத்தான் பார்த்தாள், பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல, ஒரு கட்டத்தில் இந்த வழியாக இனிமேல் வராது என்று தோன்றி நடக்க ஆரம்பித்துவிட்டாள். அப்பா வேறு மாதிரி. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரத்தில் சமையலறைக் குழாயைக் கழற்றினார், பிறகு கதவுக் கீல்கள், பிறகு குளியலறை ஓடு, இப்போது வீட்டில் சொட்டும் குழாய் ஒன்றுகூட இல்லை, கிறீச்சிடும் கதவு ஒன்றுகூட இல்லை, ரிப்பேருக்கு எதுவும் மிச்சமில்லாததால் அவர் சாயங்காலங்களில் சும்மா நடந்துவிட்டு வருகிறார்.

ஆஸ்பத்திரியில் பஞ்சு அடைத்த ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். அம்மா அதை உள்ளே வைத்துக்கொண்டாள், கொஞ்ச நாளில் பஞ்சு உருண்டு போயிற்று, அதற்குப் பதிலாக இரண்டு கைக்குட்டைகளை மடித்து வைக்கத் தொடங்கினாள். கையைத் தூக்கினால் அது மேலே ஏறிவிடும், பஞ்சுக்கோ கைக்குட்டைக்கோ கனமில்லை, கனமில்லாதது இருந்த இடத்தில் இருக்குமா? அந்த பஸ்ஸில்... பஸ்ஸில் அம்மா மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், திருப்பத்தில் உடம்பு சாய்ந்து திரும்பியபோது இடது பக்கத்து மேடு கழுத்தெலும்புக்குக் கீழே போய் நின்றது, சட்டைக்குள் ஒரு எலி புகுந்த மாதிரி. எதிரே உட்கார்ந்திருந்தவர் பார்த்துவிட்டு உடனே கைப்பேசிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார், நல்ல மனிதர். இவள் தன் தோள்பையை அம்மாவுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாள். அம்மா கம்பியை விடாமலே, இவள் முகத்தைப் பார்க்காமலே, "பைய எறக்கு, கை வலிக்கும்" என்றாள், பிறகு, "தோள்பட்டை வரைக்கும் வந்தாச்சு. அடுத்த ஸ்டாப்புல காதுக்கு வந்துரும்" என்றாள். இவள் சிரித்திருக்க வேண்டும். அது சிரிக்கத்தான் சொன்னது. சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை, பையின் வார் கையில் அறுத்துக்கொண்டிருந்தது, அது மட்டும் தெரிந்தது, அந்த வாரத்தில்தான் அச்சு வார்ப்பு மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தாள்.

வகுப்பில் யாருக்கும் சொல்லவில்லை. சோப்புக்கு அச்சு, மெழுகுவத்திக்கு அச்சு, சாவிக்கொத்தில் தொங்க ஒரு யானைக்குட்டி, ஆளுக்கொன்று செய்தார்கள். இவள் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கவிழ்த்து வைத்தாள், அம்மா முட்டை அடிக்கும் கிண்ணம், அடி உருண்டையானது, அதைச் சுற்றி பிளாஸ்டர் ஊற்றி இரண்டு பாதியாக அச்சு எடுத்தாள். பக்கத்து மேஜையில் கேக்குக்குப் பூ அச்சுகள் செய்துகொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்து, "என்னடி இது, புட்டிங்கா? சிலிக்கான்ல புட்டிங் செஞ்சு யாருக்குக் குடுக்கப் போற, மாமியாருக்கா? இன்னும் வரவே இல்லையேடி மாமியாரு" என்றாள், வகுப்பே சிரித்தது. மாஸ்டர் அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அச்சு சுத்தமா வந்திருக்கும்மா. ஆனா கிண்ணத்த அச்சு எடுத்தா கிண்ணம்தான் வரும். பொருள் எங்க?" பொருள் பிறகு வரும் சார், இது பழகுறதுக்கு, என்று இவள் சொன்னாள். பழகுறதுக்கு. முதலில் கிண்ணத்தில் பழகிவிட்டு, எல்லாம் பிழையில்லாமல் வந்த பிறகு, அப்புறம் அம்மாவிடம்... அப்புறம் என்பதற்கு ஒரு தேதி போடவில்லை. ஊற்றிப் பார்த்தாள், மூடிய அச்சுக்குள் மேலிருந்து ஊற்றினால் காற்றுக்கு வெளியே வர வழி தெரியாமல் உச்சியில் போய் நின்றுகொள்கிறது, திறந்தால் உச்சியில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். காற்றை உறிஞ்சும் எந்திரம் வகுப்பில் உண்டு, வீட்டுக்குத் தரமாட்டார்கள், வகுப்பிலேயே செய்யலாம்தான், ஆனால் பொருள் என்று ஒன்றை எல்லோர் முன்னாலும் மேஜைமேல் வைக்க வேண்டி வருமே? கீழேர்ந்து தள்ளும்மா, என்றார் மாஸ்டர், அடியில ஒரு துளை, மேல ரெண்டு துளை, நீ கீழேர்ந்து மெதுவா ஏத்துனா காத்து தானே மேல வழியா போயிடும், அவசரப்படாத. கீழிருந்து மேலே. அதற்குத்தான் இந்தத் துப்பாக்கி.

"என் துப்பாக்கியப் பாத்தியாம்மா?" அப்பா வராந்தாக் கதவில் வந்து நின்றார், வெளியே போகும் சட்டையில். பார்த்தார். மாத்திரை டப்பா மூடிகளையும் பார்த்தார். "இங்க இருக்குப்பா. வேணுமா?" என்றாள். வேண்டியதில்லை, அடைக்க எதுவுமில்லை, சும்மாதான் கேட்டேன், என்றார், குனிந்து பைப்பின் பின்வாயை விரலால் தட்டி, "ஆடுது பாரு. ரெண்டு சுத்து டேப் போட்டா ஆடாது" என்றார். டேப்பை எடுத்து வந்து அவரே சுற்றிவிட்டார், பல்லால் கடித்து அறுத்தார். இது எதுக்கு என்று கேட்கவில்லை. இந்த வீட்டில் யாரும் எதையும் எதுக்கு என்று கேட்பதில்லை, கேட்காமலிருப்பதில் மூன்று பேரும் தேர்ந்துவிட்டார்கள், செருப்பு மாட்டும் சத்தம், வாசல் கதவு கிறீச்சிடாமல் மூடியது.

சிலிக்கான் வருவது இரண்டு பாட்டிலில், இரண்டிலிருந்தும் ஒரே அளவு எடுத்துக் கலக்க வேண்டும். மஞ்சள் ரப்பர் கையுறை கூடாது, அதிலும் கந்தகம், மெல்லிய பிளாஸ்டிக் கையுறைதான், போட்டாள், இடது கையுறை கிழிந்தது, கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் கலக்கினாள், தோலுக்கு ஒன்றும் ஆகாது. கலக்கும்போது சுழற்றி அடிக்கக்கூடாது, அடித்தால் காற்று ஏறும், அம்மா முட்டை அடிப்பது போலச் செய்யக்கூடாது, அதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும், ஓரமும் அடியும் வழித்து வழித்து, சோம்பேறி மாதிரி. பிறகு உயரத்திலிருந்து மெல்லிய நூலாகப் பைப்புக்குள் ஊற்றினாள், நூல் அவ்வளவு மெல்லியதானால் அதிலுள்ள குமிழிகள் வழியிலேயே உடைந்துவிடும். நூல் அறாமல் விழுந்தது. இதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் மனசில் எதுவும் இல்லை, நல்லதா அது? பிஸ்டனைச் சொருகினாள். பிளாஸ்டர் அச்சின் இரண்டு பாதிகளையும் சேர்த்து, நேற்றுக் கெடுத்த அதே சைக்கிள் ட்யூபால் இறுக்கிக் கட்டினாள், உள்ளே போகக்கூடாதது வெளியே கட்டுவதற்கு நன்றாகத்தான் உதவியது. செங்கல் மேல் சாய்த்து வைத்து, அடித்துளையில் பேனா மூக்கைப் பொருத்தி, விசையை அழுத்தினாள். டக். மூக்கு நழுவுகிறதா? இல்லை. டக். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் குட்டையாக ஓடி நின்றது. டக். ஓரத்தில் கசிகிறதா என்று குனிந்து பார்த்தாள், வளையம் பிடித்துக்கொண்டது, ஒரு சொட்டு இல்லை. ஒரு அழுத்தம், ஒரு மூச்சு, ஒரு அழுத்தம். இப்போது இவள் அழுத்துவதும் அம்மாவின் ஓட்டமும் மாறி மாறி வருவதைக் கவனித்தாள், ஒருத்தி நிறுத்தும்போது ஒருத்தி, பேசிக்கொள்வதுபோல, ஆனால் என்ன பேச்சு அது, நான் இங்கே இருக்கிறேன், நீ அங்கே இருக்கிறாய், அதற்கு மேல் ஒன்றுமில்லை. மேல் துளைகளில் முதலில் ஒன்றுமே வரவில்லை, பிறகு காற்று மெதுவாகச் சீறியது, பிறகு இடது துளையிலிருந்து வெள்ளையாக ஒரு புழு தலை நீட்டியது, கொஞ்சம் பொறுத்து வலது துளையிலும். நிறுத்தினாள். துளைகளை அடைக்க மெழுகுத் துண்டு, களிமண் வேண்டாம், வகுப்பில் கொடுக்கும் களிமண்ணிலும் அந்தப் பாழாய்ப்போன கந்தகம் உண்டாம். எல்லாம் சரியாகச் செய்திருக்கிறேன் என்று நினைத்தாள். சரியாகச் செய்திருக்கிறேன் என்று நினைக்கும்போதெல்லாம் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவின் டெட்டால் வாசனை எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

இனிக் காத்திருக்க வேண்டும், சாயங்காலம் வரை, வெயிலில் வைத்தால் கொஞ்சம் சீக்கிரம் இறுகும். இடது கை விரல்களில் ஒட்டியிருந்த சிலிக்கான் மெல்லிய தோலாகக் காய்ந்துகொண்டிருந்தது. விரல் நுனிகளைக் கல்லில் தேய்த்தாள், கல் தெரியவில்லை. சூடும் தெரியவில்லை. தொடுகிறோம் என்பது கண்ணுக்குத்தான் தெரிகிறது... அம்மா ஒருமுறை சொன்னாள், பெரியம்மாவிடம், இவள் அடுத்த அறையில் இருப்பது தெரியாமலா தெரிந்தேவா, "அங்க மரத்துப் போச்சுக்கா. சோப்பு போடும்போது யாரோட முதுகுக்கோ போடுற மாதிரி இருக்கு." யாருடைய முதுகுக்கோ. கையும் நம்முடையது, இடமும் நம்முடையது, நடுவில் யாரோ ஒரு ஆள் நிற்கிறான். அதைக் கேட்டபோது இவளுக்குத் தோன்றியது இரக்கமில்லை, ஆமாம், இதுதான், இதற்குத்தான் எனக்கு வார்த்தை கிடைக்காமல் இருந்தது என்று தோன்றியது, அம்மாவுக்கு ஒரு கை அகலத்துக்கு நடந்தது எனக்கு முழுசாக நடந்துவிட்டதோ என்று. அப்படி நினைப்பது அதிகப்பிரசங்கித்தனம். கத்தி வைத்தது அவளுக்கு. உனக்கு என்ன வந்தது?

கொடியில் துணி காய்ந்துவிட்டது. சும்மா நிற்பதற்கு மடிக்கலாம் என்று ஒவ்வொன்றாக எடுத்தாள், அப்பாவின் சட்டைகள், தலையணை உறை, அம்மாவின் உள்ளாடைகள். ஒன்றை மடிக்கும்போது இடது பக்கம் தடிப்பாகப் பட்டது, வலது கையில் பட்டதால் தெரிந்தது. உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஒரு பை. மெல்லிய பருத்தித் துணியில், வாய் மேலே திறந்து, அடி வளைவாக, இரட்டைத் தையல். அடுத்ததை எடுத்தாள், அதிலும். அடுத்ததிலும். எல்லாவற்றிலும் இடது பக்கத்தில் ஒரு பை, எல்லாம் புதுத் தையல், துவைத்தும் நூல் பளபளப்பு போகவில்லை. கைக்குட்டைக்கு என்று நினைத்தாள் முதலில். கைக்குட்டைக்கு எதற்கு வளைவான அடி? கைக்குட்டைக்கு எதற்கு இரட்டைத் தையல்? இரட்டைத் தையல் கனம் தாங்குவதற்குப் போடுவது, பள்ளிக்கூடப் பைகளுக்கு அம்மா போடுவாள், கேட்டால், புஸ்தகம் இழுக்கும்ல என்பாள். கனம் தாங்க. எந்தக் கனம்? கையைப் பைக்குள் விட்டுப் பார்த்தாள், விரல்களை விரித்தால் முழுக்கையும் உள்ளே போயிற்று, இன்னும் இடமிருந்தது. உள்ளே மெஷின் குட்டையாக ஓடியது, நின்றது. யாருக்கு இவ்வளவு பை என்று கேட்டேனே... துணிகளை இருந்தபடியே மறுபடி கொடியில் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது, பார்க்காதவள் மாதிரி. மடித்தே வைத்தாள், பைகள் வெளியே தெரியாதபடி.

வெயில் சுவரின் பாதியிலிருந்து கீழே இறங்கியபோது ட்யூபை அவிழ்த்தாள். பாதிகளுக்கு நடுவே மரக்கரண்டியின் காம்பை விட்டு நெம்பினாள், பிளாஸ்டர் ஒரு பெருமூச்சு விட்டுப் பிரிந்தது. விரலால் தொட்டாள், வலது கை விரலால். ஒட்டவில்லை. ஓரத்தைப் பிடித்து உரித்தாள், வந்தது, முழுசாக, ஒரே துண்டாக, உள்ளங்கையில் விழுந்து லேசாக ஆடி நின்றது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். உச்சியில் குழி இல்லை, ஓரத்தில் குழி இல்லை, குமிழி என்று ஒன்று எங்குமில்லை. இத்தனை வாரமாகக் கேட்டது இதுதான். வந்துவிட்டது. சந்தோஷம் எங்கே? துழாவிப் பார்த்தாள், இருட்டில் சுவிட்சைத் துழாவுவதுபோல, இந்தச் சுவரில்தானே இருந்தது...

"என்னடி, வேகலையா இன்னும்?" அம்மா நிலைப்படியில் நின்றாள், கழுத்தில் அளவு நாடா, உதட்டில் ஒரு குண்டூசி. மறைக்க நேரமில்லை. மறைக்கவும் இல்லை, கை நீட்டியபடியே இருந்தது. அம்மா குண்டூசியை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு, கையை முந்தானையில் துடைக்கிற மாதிரி பாவாடையில் துடைத்துக்கொண்டு, அதை வாங்கினாள். கனத்தைப் பார்த்தாள், கடையில் காய் வாங்குகிற மாதிரி உள்ளங்கையில் இரண்டு தரம் தூக்கிப் போட்டு. கட்டைவிரலால் அழுத்தினாள், விட்டாள், குழிந்தது எழுந்து வந்தது. "நல்லா இருக்கு," என்றாள், கடைக்காரியின் குரலில். திருப்பி விளிம்பைப் பார்த்தாள், விளிம்பில் ஒரு விரல் ஓடியது. தையல் பார்க்கும் விரல். பிறகு இவளைப் பார்த்தாள்.

"யாரோட அளவுச் சட்டடி இது?"

இவளுக்குப் புரிந்தது. அம்மாவிடம் தைக்க வருகிறவர்களில் கூச்சப்படுகிறவர்கள் நேரில் நிற்கமாட்டார்கள், பழைய சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்புவார்கள், இதே அளவுக்கு என்று, அது சில சமயம் அவர்களுடையதாகக்கூட இருக்காது, தங்கையுடையது, மெலிந்திருந்த காலத்தினுடையது. அளவுச் சட்டை வரும் நாளெல்லாம் அம்மாவின் வாய் ஓயாது, ஆளு வந்தா அஞ்சு நிமிஷ வேலை, அளவுச் சட்டை வந்தா மூணு தடவை பிரிக்கணும், நான் என்ன சட்டைக்கா தைக்குறேன், ஆளுக்குத்தானே தைக்குறேன்... "கிண்ணம்மா," என்றாள் இவள். "முட்டை அடிக்கிற கிண்ணம்." குரல் தட்டையாக வந்தது.

"தெரியும். இத்தன நாளா டம்ளர்ல அடிச்சுக்கிட்டிருக்கேன். கிண்ணத்தக் காணோம்னு ஒரு நாளாவது கேட்டேனா?" அம்மா சட்டைக்குள் கையை விட்டாள், இடது பக்கம், உள்ளே இருந்த கைக்குட்டைகளை உருவி இவள் தோளில் போட்டாள், துணி காயப்போடுகிற மாதிரி, வெதுவெதுப்பாக இருந்தன. சிலிக்கானை உள்ளே வைத்தாள். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக நின்றாள். பையில் அது கீழே போய் உட்கார்ந்தது, ஒரு பக்கம் இடம் விட்டு, பெரிய செருப்பில் சின்னக் கால் மாதிரி. கையைத் தூக்கினாள், பஸ் கம்பியைப் பிடிக்கிற மாதிரி. மேலே ஏறவில்லை. பக்கவாட்டில் மட்டும் கொஞ்சம் உருண்டது. "ஏறல," என்றாள் அம்மா. "ஆனா கிண்ணம் சின்னதுடி. பின்னாடியும் பொருந்தல, அங்க எனக்குத் தட்டையா இல்ல, ஒரு பக்கம் குழி, ஒரு பக்கம் மேடு. நீ பாத்ததில்லல்ல."

"சில்லுனு இருக்காம்மா?" ஏன் இதைக் கேட்டாள் என்று இவளுக்கே தெரியவில்லை.

"அங்க எனக்கு என்ன தெரியுது, சில்லாவது சுடாவது." அம்மா அதை வெளியே எடுத்து இவள் கையில் வைத்தாள், கைக்குட்டைகளை எடுத்து மடித்து மறுபடி உள்ளே வைத்துக்கொண்டாள், கண்ணாடி பார்க்காமலே, ஒரு தட்டு, சரியாகிவிட்டது. "ஒரு சட்டைக்கே ஆளக் கூப்ட்டு நிக்க வச்சு அளவெடுக்குறேன். நீ என்னடான்னா தலையச் சுத்தி மூக்கத் தொடுற." குனிந்து செங்கலுக்குப் பக்கத்திலிருந்த கிண்ணத்தை எடுத்தாள். பிளாஸ்டர் பொடியைக் குழாயடியில் காட்டிக் கழுவினாள், குழாயை மூடியதும் ஒரு சொட்டுகூடச் சொட்டவில்லை. "கிண்ணம் எனக்கு வேணும். உங்கப்பா வந்ததும் ஆம்லெட்டுனு நிப்பாரு."

போய்விட்டாள். சமையலறையில் கரண்டி கிண்ணத்தில் சுழலும் சத்தம் வந்தது, வேகமாக, காற்று ஏற ஏற. இவள் கையிலிருந்ததைப் பார்த்தாள், குமிழி ஒன்றுமில்லை, சுத்தமான வார்ப்பு, மாஸ்டர் பார்த்தால் முதுகில் தட்டுவார், இது கிண்ணம், வேறொன்றுமில்லை. நேற்றைய தவறு ரப்பரா? அதற்கு முந்தினது? காற்றுக் குழிகள், கலவை, மூக்குத் துளை, ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்திருக்கிறாள், ஒரு தடவைக்கு ஒன்று, கிண்ணத்தை மட்டும் மாற்றவில்லை. வீட்டிலேயே கேள்வி கேட்காத பொருளாகப் பார்த்து எடுத்திருக்கிறாள். அம்மா அந்தப் பைகளை எந்த அளவுக்குத் தைத்தாள்? தன்னைத்தானே நாடாவால் அளந்தா? எப்போது, கதவைச் சாத்திக்கொண்டா, இடது கையால் நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு... பை முதலில் வந்ததா துப்பாக்கி முதலில் வந்ததா, யாருக்காக யார் காத்துக்கொண்டிருந்தது? பதில் சமையலறையில் முட்டை அடித்துக்கொண்டிருந்தது. இடது கை விரல்களில் காய்ந்த தோலை நகத்தால் நெம்பினாள், சுட்டுவிரலிலிருந்து அது உறையாகக் கழன்று வந்தது, ரேகைகூட அதில் பதிந்திருந்தது. வெறும் விரலால் தோளைத் தொட்டாள், கைக்குட்டைகள் கிடந்த இடத்தை. இளஞ்சூடு இன்னும் இருந்ததா, வெயிலா, சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம் விரலை எடுக்காமல் வைத்திருந்தாள். பிறகு நோட்டைத் திறந்தாள், ஆனால் என்று நின்றிருந்த வரியை அடித்துவிட்டு, அதன் கீழே எழுதினாள்.

கருவி வேலை செய்கிறது. கசிவு இல்லை, குமிழி இல்லை. பொருள் தவறு. அடுத்து மாற்ற வேண்டியது அது ஒன்றுதான்.

நாளை, திங்கள்: வகுப்பு இல்லை. உடம்பில் ஒட்டி அச்சு எடுக்கப் பிளாஸ்டர் துணி வாங்க வேண்டும். வாஸலின் இருக்கிறது. துணியை நனைக்கும் தண்ணீர் வெதுவெதுப்பாக வேண்டும், வலது பக்கத்தில் அம்மாவுக்குக் குளிர் தெரியும். முன்வடிவம் வலதிலிருந்து, பின்பக்கம் இடதிலிருந்து, இரண்டையும் பார்க்க வேண்டும். அம்மா மெஷினை மூடிய பிறகு, நானே போய்க் கேட்க வேண்டும். எந்த வார்த்தையில் என்று தெரியவில்லை. கேட்டுவிட்டு அளவெடுக்க வேண்டும்.